சைரன் கழற்றிய வண்டி

போன வாரம் முகப்பேர் சிக்னலில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்தது. எல்லோரையும் போல நானும் ஒதுங்கினேன். அது கண்ணிலிருந்து மறைந்த பிறகும், சத்தம் எங்கேயாவது நின்றுவிடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்துத் திட்டினார். என்ன செய்ய, பழைய வியாதி.

திருமுல்லைவாயிலில் எங்கள் இளைஞர் மன்றத்துக்கு ஒரு கிழட்டு ஆம்னி வேன் இருந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு ரெக்சின் மெத்தை போட்டிருந்தோம். அந்த ரெக்சினும் டெட்டாலும் கலந்த வாசனை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. புதுப்பேட்டையில் வாங்கிய சைரனை மேலே மாட்டியதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. முதலுதவியா? மண்ணாங்கட்டி. விசிறத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். உள்ளே உயிர் இருக்கும்வரை சைரன் அலறும். போய்விட்டால் அந்த இடத்திலேயே சத்தத்தை நிறுத்திவிடுவோம். ஊருக்கே இது தெரியும்.

ஒருநாள் போக்குவரத்து அதிகாரி ஒருவர் வண்டியைச் சோதித்தார். ஆம்புலன்ஸாகப் பதிவு இல்லை, ஆக்சிஜன் இல்லை, பயிற்சி பெற்ற ஆளும் இல்லை. சைரனைக் கழற்ற வைத்தார். அன்று அவரைக் கரித்துக் கொட்டினேன். இன்று யோசித்தால் அவர் கேட்டதெல்லாம் நியாயம்தான். சைரன் போன விஷயத்தை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை, ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த எங்கள் தெரு கோதண்டம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவர் மனைவி அமுதா அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை. தெருமுனைக் கடை போனிலிருந்து அங்கே தகவல் சொல்லிவிட்டு, அந்த வழியாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அக்கா கம்பெனி வாசலுக்கு ஓடிவந்திருக்கிறார். எங்கள் வண்டி சத்தமில்லாமல் கடந்து போவதைப் பார்த்திருக்கிறார். கையைக்கூடக் காட்டவில்லை. நேரே வீட்டுக்குப் போய், உடலைக் கிடத்த முன்னறையை ஒழித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் சாயங்காலம் நாலு மணிவரை உயிரோடிருந்தார். “அமுதா எங்கடா கீது?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். “வந்துகினே கீறாங்கண்ணா” என்றேன். கம்பெனிக்குப் போன் போட்டால் அப்போதே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்; ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார் என்று நம்பினோம். தெருமுனைக் கடைக்குப் போட்டால் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. சாவு விழுந்த தெரு என்று கடைக்காரர் கதவைச் சாத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பாவி மனுஷன்.

உடலோடு போய் இறங்கினோம். அக்கா அழுது ஓய்ந்திருந்தார். “வழியிலியே போய்ட்டாரே. கடைசியா எதுனா சொன்னாராடா?” என்று கேட்டார்.

நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை அக்கா, வழியிலேயே உயிர் போய்விட்டது என்று நான் வாய்கூசாமல் சொன்னேன். நாலு மணி என்று நேரம் எழுதியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது.

அந்த வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. மன்றம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டேன். எப்போது பார்த்தாலும் அக்கா, அவர் இழுத்துக்கொண்டு கிடக்காமல் போனாரே, அதுவே போதும் என்பார். போன ஆடியில் அக்காவும் போய்விட்டார்.

“ஒன்னியேதாங்க்கா கேட்டுகினு இருந்தாரு.” நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான்.