ஆணி அடிக்காத சுவர்

என் கணவர் கடற்படையில் இருந்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து துறைமுகத்தை ஒட்டிய குவாட்டர்ஸில்தான் எங்கள் குடித்தனம். அங்கே சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு ஓட்டைக்கும் பதில் சொல்ல வேண்டும். கலண்டரைக்கூட யன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தேன்.

நெஞ்சு வருத்தத்தில் அவர் இறந்ததும் குவாட்டர்ஸை விட வேண்டி வந்தது. வீட்டுக் கடன் எடுக்கலாம், இல்லையென்றால் சொந்தக் காணி இருந்தால் படையே வீடு கட்டித் தரும் என்றார்கள். கடனை யார் கட்டுவது? கந்தளாயில் என் அப்பா தந்த காணி கிடந்தது. கணவரோடு வேலை செய்தவர்களே வந்து நின்று கட்டினார்கள். நல்ல வீடு.

குடிபுகுந்த அன்று மகள் சுத்தியலோடு வந்தாள்.

“அம்மா, அப்பாவின்ர படத்தை எங்க மாட்டுறது?”

“சுவரில ஓட்டை விழும்.”

“இது எங்கட வீடம்மா. ஆரும் வந்து கேக்க மாட்டினம்.”

“ஓம்,” என்றேன். சுத்தியலை வாங்கிக் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு மாரி போய்விட்டது. படம் இன்னும் முன்னறைக் கதிரையில்தான் இருக்கிறது. ஆட்கள் வந்தால், அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டுக் கதிரையை உட்காரக் கொடுக்கிறேன்.