சுக்கிக்கு எடுத்து வைத்த மூட்டை

காய்கறி வியாபாரத்தில் விற்பது பெரிய காரியமில்லை. இன்று வாங்கியவரை நாளையும் நம் கடைக்கே வரவைக்கணும், அதுதான் பாடு. கடை போட்டு மாரடித்தவர்களுக்கு இது தெரியும். எழுபதுகளின் கடைசியில் கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் மாரடித்தவன் நான்.

கப்பல் சமையல்காரர்

துறைமுகத்தில் அவர் கப்பல் நின்றால் போதும், படகேறி என் கடைக்கு வந்துவிடுவார் அந்தப் பிலிப்பைன்ஸ்காரர். கப்பலில் சமையல் அவர் பொறுப்பு. நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கிக் கொடுத்து, கொசுறாக ஒரு கை பச்சைமிளகாயும் போடுவேன். "சுக்கி!" என்று தோளைத் தட்டுவார். வாடிக்கைக்காரருக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயராம். வாங்குவது அவர், நான் எப்படி சுக்கி ஆவேன்? கேட்டேவிட்டேன். என் நெஞ்சைத் தொட்டார், தன் நெஞ்சையும் தொட்டார். அவருடைய அரைகுறை இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது இதுதான்: "நீயும் சுக்கி, நானும் சுக்கி. ஒருத்தர் மட்டும்னா அது வெறும் வியாபாரம்."

எதிர்க்கடை

என்னுடைய பெரிய சுக்கி ஆயிஷா இத்தா; அக்காவை அங்கே முஸ்லிம்கள் இத்தா என்பார்கள். கல்யாண வீடுகளுக்கு பிரியாணி வைப்பவர். அவருக்கான சரக்கைத் தனியே எடுத்து, சாக்குப் போட்டு மூடி வைப்பேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோவார். என் கடை ஓடியதே அவரால்தான்.

எதிரில் புதுக்கடை ஒன்று வந்தது. ஒருநாள் பார்க்கிறேன், இத்தா அங்கே நின்று தக்காளி வாங்குகிறார்! பக்கத்து சாயாக்கடை சேட்டன் சும்மா இருப்பாரா? "போச்சு அண்ணாச்சி, இத்தா இனி அங்கேதான்!"

வெங்காயம் இல்லாத நாள்

அடுத்த வாரமே லாரி ஸ்டிரைக். பஜார் முழுக்கத் தேடினாலும் வெங்காயம் இல்லை. என்னிடம் ஒரே மூட்டை, பள்ளுருத்தியில் இத்தா ஏற்றிருந்த கல்யாணத்துக்கு எடுத்து வைத்தது. ஓட்டல் மேனேஜர் ஒருவர் வந்து இரட்டை விலை தருகிறேன் என்றார். கொடுத்துத் தொலை என்று சேட்டன் கண்ணைக் காட்டினார். இத்தா வருவாரா என்பதே சந்தேகம்தான். ஆனாலும் சுக்கி சுக்கிதானே! "இது வேற ஆளுக்கு, சார்" என்று சொல்லிவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார் இத்தா. விலைகூடக் கேட்கவில்லை, மூட்டையை ஏற்றச் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எதிர்க்கடையில தக்காளி வாங்கினீங்களே, இத்தா?" என்று கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு பார்த்தேன், உங்க தக்காளி அழுகல், ஒண்ணுக்கும் கொள்ளாது, அண்ணாச்சி. வாங்கினா உங்ககூட சண்டை போடணும். சண்டை போட்டுட்டு நான் எந்தக் கடைக்குப் போவேன்?"

எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்; என் தக்காளியைத் திட்டி என் தலையில் கிரீடம் வைத்தவர் இத்தா ஒருவர்தான்.