அவள் அளந்த இடம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மேகக்காரர் என்று பெயர். "இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்டுக் கிண்டல் செய்யாத ஆளில்லை. துகள்களை விரட்டும் பெரிய வளையக் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் மேகம்போல் சேர்ந்து, ஓடும் துகள் கற்றையைக் கெடுத்துவிடும். எவ்வளவு சேரும் என்று முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் பிழைப்பு.

அந்தக் கணக்கு ஒரே ஓர் எண்ணை நம்பி நிற்கிறது. குழாய்ச் சுவரில் ஓர் எலக்ட்ரான் மோதினால் எத்தனை தெறித்து வரும்? குறைந்தால் மேகம் அடங்கும், கூடினால் பெருகும். அந்த எண்ணை அளந்து கொடுத்தவள் அவர் மனைவி. சாவதற்கு முந்தைய மாதங்களில், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, அந்தச் சுவரின் உலோகத் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப அளந்தாள். எண் குறைவாக வந்தது. தெறிப்பதை அடக்கச் சுவருக்குப் பூச்சு எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. யாராவது சந்தேகப்பட்டால் இவர் சண்டைக்கே போவார். சாதுவான மனுஷர்தான், இந்த விஷயத்தில் மட்டும் மூக்கின் மேல் கோபம்.

குழாய்களைப் பூட்டி மூட இருந்த வாரத்தில் மைத்துனன் வந்தான். அக்காவின் வேலை இப்போது அவனுடையது. வந்தவன் உட்காரவில்லை.

"மாமா, அந்தத் துண்டை மறுபடி அளந்தேன். அதுலயே வேற இடத்துல. ரொம்பக் கூட வருது."

"உன் கை சரியில்ல. அவ எத்தனை தடவை அளந்தா தெரியுமா?"

"அதான் மாமா சிக்கல். அக்கா ஒரே இடத்துலயே அளந்திருக்கா. அளக்கறதுக்குத் திரும்பத் திரும்ப அடிச்ச எலக்ட்ரானே அந்த இடத்துல தெறிக்கறதைக் குறைச்சிடுச்சு. அங்க இன்னிக்கும் அக்கா சொன்ன அளவுதான் வருது. மத்த இடத்துல வரல."

ஏனோதானோவென்று ஒரு தடவை அளந்திருந்தால் சரியாக வந்திருக்கும். உயிரைக் கொடுத்துச் செய்ததால் தப்பாகிப் போனது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

புது எண்ணைப் போட்டு ஓட்டினார். திரையில் மேகம் குழாயை அடைத்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவள் பெயர் கெடாது, இயந்திரம் கெடும்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து, பூச்சு வேண்டும் என்றார். பழைய அளவு யாருடையது என்று புதிதாக வந்திருந்த தலைவர் கேட்டார். விஷயம் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என் மனைவி அளந்தது" என்றார். "தப்பு."

"எப்படித் தப்பாச்சு?"

விளக்கிச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ரொம்ப அக்கறையா அளந்துட்டா சார்."

அவள் போன அன்றுகூட நாலு பேர் முன்னால் அழாதவர், அங்கே நின்று அழுதார்.