மரியாதைக்காகப் போட்ட ழ

அவன் பெயரைத் தட்டச்சுக்காரி முதன்முதலாகக் கேட்டது, அவனை வேலையைவிட்டு நீக்கும் கடிதத்துக்காகத்தான்.

"அந்தக் குளவிப்பய" என்றார் மேலாளர். சொந்தப் பெயர் அவருக்கே தெரியாததால் "கிடங்குக் காவலாளி" என்று அடிக்கச் சொன்னார். அவருக்கு ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு பன் மாதிரி உப்பியிருந்தது.

நடந்தது இதுதான். காகிதக் கிடங்கின் பின்னறையில் குளவி கூடு கட்டியிருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட காவலாளி, கதவில் சாக்கட்டியால் "உள்ளே குழவி. திறக்காதீர்" என்று எழுதிவைத்தான். எவனோ அம்மிக்குழவியைப் பதுக்கியிருக்கிறான் என்று மேலாளர் வரிந்துகட்டிக்கொண்டு போய்த் திறந்தார். அப்புறம் கிடங்கைச் சுற்றி மூன்று சுற்று ஓடினார்.

அவள் போய்க் கதவைப் பார்த்தாள். அவன் அங்கேயே நின்றான். அவன் சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சாப்பிட்டார்கள்.

"ஏம்ப்பா, குளவிக்கு இந்த ழவா போடுவாங்க?"

"எங்க வீட்ல கதண்டுன்னுதான்க்கா சொல்லுவோம். ஆபீசாச்சேன்னு குளவின்னு எழுதினேன். ழ போட்டா இன்னும் கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு…"

"பூச்சிக்கு என்ன மரியாதை?"

"பூச்சிக்கு இல்லக்கா. படிக்கிறவருக்கு."

"கதவுல எழுதினத அப்படியே போடும்மா" என்றிருந்தார் மேலாளர். பிழையாக அடிக்க அவள் கைக்கு வராது. அன்றைக்கு மனசும் வரவில்லை. "உள்ளே குளவி. திறக்காதீர்" என்று அடித்தாள். மேலாளர் ஒற்றைக் கண்ணோடு கையெழுத்துப் போட்டு, முதலாளியிடம் கொண்டுபோனார். அவளும் கோப்போடு பின்னால் போனாள்.

முதலாளி இரண்டு தடவை படித்தார். "உள்ள குளவி, திறக்காதேன்னு எழுதியிருக்கான். நீங்க திறந்திருக்கீங்க. இதுல யாரை வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்க?"

"அது வந்து சார், அவன் எழுதினது வேற குழவி."

வீங்கிய உதட்டில் ளவும் ழவும் ஒன்றாகத்தான் வந்தன.

"எந்தக் குளவியா இருந்தா என்னய்யா? போய் மருந்து போடும்" என்று கடிதத்தைக் கிழித்துப் போட்டார் முதலாளி.

வேலை தங்கியது, குளவி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து அவனையே தட்டச்சுக்காரி கட்டிக்கொண்டாள். வாய்க்கு வாய் அக்கா என்றவனைக் கட்டினாளே என்று அவளுடைய நிஜ அக்காக்கள் மூன்று பேரும் சிரித்து மாய்ந்தார்கள்.

இப்போது அந்தக் காவலாளிக்கு அறுபத்தெட்டு வயது. கிடங்குக்குப் பின்தெருவில், மாடி வீட்டில் அவளோடு இருக்கிறார்.