இரண்டு கேத்தில்களும் கியூபாவின் மின்சாரமும்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், பிறம்ரன் நகரத்தில் இன்று ஓடுகிற ட்ரக்குகளில் சில என்னுடையவை. கோப்பை கழுவித் தொடங்கிய கை இது. இதை நான் அடிக்கடி சொல்வதாக மனைவி குறைப்படுவாள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

கியூபாவின் மீது எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அக்கறை பிறந்தது போன மாரியில்தான். அங்கே கடற்கரை ஹோட்டலுக்கு விடுமுறை போன நிர்வாகிகள் சிலர் சாப்பாட்டு வரிசையில் நிற்கையில் கரண்ட் போய், இருட்டில் இறால் தேடியிருக்கிறார்கள். நாடு முழுக்க அதே கதிதான் என்று அப்போதுதான் தெரிந்ததாம். திரும்பி வந்ததும் ஒரு கருத்தரங்கு: 'தனித்துவிடப்பட்ட தீவின் மின்சார நெருக்கடி: சீர்திருத்தமும் சர்வதேச ஒத்துழைப்பும்.'

எங்கள் சங்கம் இரண்டாக உடைந்து கன காலம். விஷயம் ஒத்துழைப்பு என்பதால் இரண்டு பக்கமும் சேர்ந்து நடத்தின. சேர்ந்து என்றால், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு நிலக்கீழ் மண்டபம், இரண்டு குத்துவிளக்கு, இரண்டு வரவேற்புரை, தேநீருக்கு இரண்டு பெரிய மின்சாரக் கேத்தில். ஒரு பக்கத்துத் தேநீரை மற்றப் பக்கம் வாயில் வைக்காது.

என் மகள் மின்சார நிறுவனம் ஒன்றில் இஞ்சினியர். இங்கே பிறந்தவள். முதல் தடவையாகத் தமிழில் பேசுவதற்கு வாரக்கணக்காக எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினாள். முதல் பேச்சு என்று கூப்பிட்டவர்கள் கடைசிக்குத் தள்ளினார்கள். மின்சாரம் பற்றித் தெரியாத எல்லோரும் பேசி முடித்தபின் அவள் எழுந்து திரையில் படத்தைப் போட்டாள். அந்த நேரம் பார்த்து இரண்டு பக்கமும் கேத்திலைப் போட, பிரேக்கர் விழுந்து மண்டபம் இருண்டது. தூக்கிவிட்டார்கள். திரும்பவும் விழுந்தது.

"ஒண்டைக் கழட்டினால் சரி," என்றாள் மகள்.

"அப்ப அவையின்ரயைக் கழட்டுங்கோ."

"ஏன், உங்கட கேத்தில் என்ன வானத்தாலை வந்ததோ?"

கூட்டத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். இருட்டில் எழுந்து நின்று, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் ஒரு உபகுழு அமைக்கலாம் என்றார். அடுத்து மண்டபம் எடுத்திருந்த பிறந்தநாள் குடும்பம் பலூன்களோடு வாசலில் வந்து நின்றுவிட்டது. மகள் கையிலிருந்த தாள்களை மடிக்கத் தொடங்கினாள்.

"இட்ஸ் ஓகே அப்பா, விடுங்கோ."

எனக்கு ஓகே இல்லை. எழுந்து போய் இரண்டு பிளக்கையும் பிடுங்கினேன்.

"இந்தாள் ஆர் உதைத் தொட?"

"படிக்காத ஆக்களை உள்ளுக்கை விட்டால் இப்பிடித்தான்!"

சங்கம் உடைந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே குரலில் பேசியது அன்றுதான். அதே ஒற்றுமையோடு வெளிநடப்பும் செய்து, பக்கத்துக் கோப்பிக் கடைக்குப் போனார்கள்.

பிரேக்கரைத் தூக்கினேன். வெளிச்சம் வந்தது. மகள் பேசினாள். நன்றியுரை பாக்கி இருந்ததால் போக முடியாத தலைவரும், நானும், ஒரு சொல்லும் விளங்காத பலூன்காரரும் கேட்டோம். வெளியிலிருந்து எண்ணெயும் கடனும் வரலாம், ஆனால் கரண்ட் காணாதபோது எதை முதலில் நிறுத்துவது என்று நாட்டுக்குள் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒழுங்கு இல்லாவிட்டால் வந்ததும் வீண் என்றாள். எனக்கு முழுக்க விளங்கியது. தலைவர் நித்திரை.

காரில் சொன்னாள்: "அப்பா, நீங்கள் ஆரையும் கேக்காமல் கழட்டினதும் பிழைதான்."

"கேட்டிருந்தால் நீ இண்டைக்குப் பேசியிருக்க மாட்டாய்."

கோபத்தில் போனவர்கள் கேத்தில்களை மறந்துவிட்டார்கள். இரண்டும் இப்போது ஸ்ரௌவ்வில் நகரத்தில், என் வீட்டுக் கராஜில். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போன் எடுத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில்.

"அண்ணை, எங்கட கேத்தில் உங்களிட்டையாம். வந்து எடுக்கட்டோ?"

"மற்றப் பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மகள் திரும்பப் பேசுவாள். முழுக்கக் கேட்டிட்டுக் கொண்டுபோங்கோ."

"உது பொருளாதாரத் தடை மாதிரியெல்லோ கிடக்கு!"

"ஓம், தடைதான். அண்டைக்கு ரெண்டு பக்கத்துக்கும் தேத்தண்ணி என்ர கேத்திலிலை."