நாரி நோவும் பூக்கூடையும்

சென்ற கிழமை காலைப் பேருந்தில் என் அருகே வந்து அமர்ந்த பெண் மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்திருந்தார். ஈரத் துணி போட்டு மூடியிருந்தாலும், உள்ளே அலரியும் நந்தியாவட்டையும் இருப்பதை மணம் சொல்லிவிட்டது. பூமணம் பட்டால் உள்ளம் மலரும் என்று நானும் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு நாரிதான், அந்த அடிமுதுகுதான், இறுகியது. இருக்கையின் விளிம்பைப் பிடித்து மெல்ல நிமிர்ந்தேன்.

"இடம் காணாதா தங்கச்சி?" என்று அவர் இன்னும் ஒதுங்கினார்.

"காணும் அக்கா."

அதற்கு மேல் விளக்க எனக்குப் பலமில்லை. நீண்ட கால நோ உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். நோவைவிட அதை எடுத்துச் சொல்வதுதான் அதிகம் களைக்கச் செய்யும் என்பார்கள்.

எனக்கு அது உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் வந்தது. முதலில் கதிரையைக் குற்றம் சொன்னோம். கதிரையை மாற்றிய பிறகு தலையணையை, தலையணைக்குப் பிறகு மார்கழிப் பனியை. காலையில் கண் விழிக்கும்போது இடுப்புக்குக் கீழே உடம்பு வேறு யாருடையதோ போலக் கிடக்கும். எழுந்து நடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் திரும்பி வரும். நெடுநேரம் அமர்ந்தால் மறுபடியும் போய்விடும். இலக்கியம் படிக்கிறவளுக்கு அமர்வதைத் தவிர வேறு தொழில் ஏது? பல்கலைக்கழகத்தின் முதல் வருடப் பரீட்சையில், விடைத்தாளைப் பாதியில் மூடிவிட்டு எழுந்து வந்தேன். மண்டபத்தில் காய்ச்சல் என்று சொன்னேன். அம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன்.

அம்மா ஏசுவார் என்று நினைத்திருந்தேன். ஏசவில்லை. அரிசியைக் கொழித்துக்கொண்டே, நெடுநேரம் யோசித்து வைத்திருந்த முடிவைப் போலச் சொன்னார்.

"மறுகா ஒருக்கா எழுதிப் பார். அதுக்கும் இருக்க ஏலாட்டி வீட்ட வந்திரு மகள். உடம்பக் குடுத்துப் படிச்சு என்ன செய்யப் போறாய்?"

அந்த மறுபரீட்சையில் என்னால் அமர்ந்திருக்க முடியுமா என்பதைப் பொறுத்தே என் படிப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் பல அறைகள் ஏறி இறங்கி, கடைசியில் உடற்பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மிஸ் என்னைவிடச் சற்றே மூத்தவர். என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது முற்றாகப் போகிற நோ இல்லை என்றும், பழக்கிக்கொள்ள வேண்டிய நோ என்றும் சொன்னார்.

"படுத்துக் கிடந்தா இன்னும் இறுகும். மெல்ல மெல்ல அசையுங்க. நோகத் தொடங்க முதல் நிப்பாட்டுங்க. நாளைக்கும் இதையே செய்யோணும் எண்டு நினைச்சு இண்டைக்குச் செய்யுங்க."

அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை. "முறிஞ்ச கதிரைய ஆட்டி ஆட்டிப் பாக்கிற மாதிரியெல்லோ இரிக்கு," என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனாலும் பாய் விரித்துத் தந்தார். முழங்காலை நெஞ்சோடு அணைப்பது, படுத்தபடி இடுப்பை உயர்த்தி இறக்குவது, நாலு காலில் நின்று முதுகைப் பூனைபோல வளைப்பது எல்லாவற்றையும் கதவைச் சாத்தி, யன்னலுக்குத் திரை இழுத்துச் செய்தேன். அடுத்த வீட்டார் கண்டால் எனக்கு நாரி நோ என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் கலியாணம் கேட்டு யார் வருவார்கள் என்பது அம்மாவின் பயம். அப்போது கல்லடி ஊர்ப் பக்கமிருந்து ஒரு கலியாணப் பேச்சும் மெல்ல அடிபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதில் பெரிய ஆவல் இருக்கவில்லை. பூனையாக நிற்கும்போது ஒருவர் பெண் பார்க்க வந்தால் எந்தப் பக்கமாக எழுவது என்று மட்டும் சில சமயம் யோசித்திருக்கிறேன்.

நடையைத்தான் அறைக்குள் பூட்ட முடியவில்லை. தினமும் காலையில் நடக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் கண்டிப்பான சொல். எங்கள் ஆரையம்பதியில் தெருவில் இறங்கும் பெண்ணை எதிர்ப்படும் எல்லாரும் "எங்க போறாய்?" என்று கேட்பார்கள். அதை விசாரணையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்களுடைய காலை வணக்கமே அதுதான். ஆனாலும் பதில் கடைக்கு, ஆட்டுக்குக் குழை முறிக்க, கோயிலுக்கு என்று ஏதாவதோர் இடத்தில் போய் முடிய வேண்டும். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் கேட்டவருக்கு அன்று முழுவதும் வேலை கிடைத்துவிடும். வெறுங்கையோடு நடக்கும் பெண்ணுக்கு ஒன்று வீட்டில் சண்டை, அல்லது மனதில் ஏதோ.

ஆகவே அம்மா என் கையில் ஒரு பூக்கூடையைத் தந்தார். "ஆராச்சும் கேட்டா பிள்ளையாருக்குப் பூ எண்டு சொல்லு."

சுபைதா ராத்தாவை நான் ஏற்கெனவே அந்த உடற்பயிற்சி அறையில், காத்திருப்பவர்கள் அமரும் வாங்கில் சந்தித்திருந்தேன். காத்தான்குடிக்காரர்; அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். குவைத்தில் பல வருடம் வீட்டுவேலை செய்து, பளிங்குத் தரையில் முழங்காலைத் தேய்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவர் ஊரில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். யன்னல் மட்டத்தில் சுவர் நின்றுவிட்டது; மறுபடி உழைக்கப் போக வேண்டும் என்பதால் அவருக்கும் முழங்கால் நோவை ஊர் அறியாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் இரண்டு ஊர்களும் ஒட்டியே கிடக்கின்றன. விடியுமுன் சுபஹு தொழுதுவிட்டு அவர் தெற்கே வருவார். நான் கூடையோடு வடக்கே போவேன். வாவிக் கரையில் கண்ணா மரங்கள் நிற்கும் இடத்தில் சந்தித்து, கரையோரமாகச் சேர்ந்து நடப்போம். வாவி என்று எழுதுகிறேனே தவிர, பேச்சில் நாங்கள் யாவரும் அதை ஆறு என்றே சொல்வோம்.

ராத்தாவின் கையில் ஒரு மூடிப் பெட்டி இருக்கும். இடியப்பம் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லி வருவார்.

"எங்கட ஊட்டு ஆக்களுக்கு இடியப்பம் திண்டு திண்டு வெறுத்துப் போச்சுகா. நேத்து மகன் கேக்கான், உம்மா, ஒரு நாளைக்கு ரொட்டிக் கடப் பக்கம் நடக்க ஏலாதா எண்டு."

"அப்ப அவருக்குத் தெரியும் போல, ராத்தா."

"தெரியும். தெரியாத மாதிரித் திங்கான். நல்ல புள்ள."

நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஒரு மந்தமான வேலை. முதல் சில அடிகள் துருப்பிடித்த கதவைத் திறப்பது போலிருக்கும். பிறகு இளகும். இளகியதும், இனி எல்லாம் சரி என்று ஒரு ஆசை வந்து கெதியாக நடக்கச் சொல்லும்; அதற்கு இடம் கொடுத்தால் மறுநாள் படுக்கை. ஆசை வரும் இடத்தில் ராத்தா நின்றுவிடுவார். "இந்தா, ரெண்டு பேரும் பந்தயக் குதிர மாதிரிப் போறம். அல்லாட காவல், கொஞ்சம் நில்லு." நிற்போம். தோணிக்காரர்கள் வலையைத் தட்டிக் காய வைப்பதைப் பார்ப்போம். மறுபடி நடப்போம். நோ போகவில்லை. ஆனால் அது வரும் நேரமும் போகும் நேரமும் கொஞ்சம் தெரியத் தொடங்கின. கதிரையில் இருக்கும் நேரமும் மெல்ல நீண்டது.

பூக்கூடைதான் எங்களைக் கெடுத்தது. பொய்க்கென்று எடுத்துப் போன கூடையை வெறுமையாகக் கொண்டு திரும்ப முடியாது. ஆகவே திரும்பும் வழியில் வேலியோரத்து அலரியைப் பறித்துப் பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். எங்கள் பகுதியில் கோயிலைப் பொறுப்பாக நடத்துபவரை வண்ணக்கர் என்போம். அவருடைய மனைவி, நாங்கள் வண்ணக்கர் மாமி என்று சொல்பவர், சில நாள் என்னைக் கூர்ந்து பார்த்தார். விடிகாலையில், தினமும், ஒரு குமர்ப்பிள்ளை, பேசாமல், ஆறுதலாக, மெல்ல நடந்து வந்து பூக் கொடுத்துவிட்டுப் போகிறது. அவருக்கு விடை கிடைத்துவிட்டது. நான் கலியாணத்துக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் பரவியது.

அம்மா முதலில் திகைத்தார். பிறகு, நீங்கள் நம்பமாட்டீர்கள், மகிழ்ந்தார். "நேர்த்தி எண்டா நல்லதுதானே. நோ எண்டு சொல்லாம விட்டாங்களே."

திருவிழா தொடங்கியதும் வண்ணக்கர் மாமி வீட்டுக்கே வந்தார். "நேர்த்திக்காரப் புள்ள கட்டின மாலையெண்டா பிள்ளையார் வேணாமெண்டு சொல்லுவாரா? திருவிழா முடியுமட்டும் உன்ட கையாலதான் மாலை, சரியா?"

மறுக்க ஒரு காரணமும் எங்களிடம் இருக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. கோயில் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் சம்மணம் கட்டி, குனிந்து, மாலை கட்டினேன். நடையால் இளகிய உடம்பு சில நாட்களுக்குள் பழையபடி இறுகியது. காலை நடை நின்றது. மறுபரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, இரவில் புத்தகத்தைத் தலையணையில் சாய்த்து, படுத்தபடி படித்தேன்.

பூசை தொடங்க மணி அடித்த ஒரு மாலை வேளையில் எல்லாரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. ஒரு கையைத் தூணில் ஊன்றிப் பார்த்தேன். கை உயர்ந்தது, மற்றதெல்லாம் தரையிலேயே இருந்தது.

வண்ணக்கர் மாமி மற்றப் பெண்களைப் பார்த்து உருக்கமாகச் சொன்னார்: "பாருங்க, எழும்ப மனமில்லாம இரிக்கு. இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பக்தியா?"

நான் சிரித்திருக்க வேண்டும். கண்ணில் நீர்தான் வந்தது. அதையும் அவர்கள் பக்தியென்றே எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா பெண்களின் வரிசையில் கற்பூரத் தட்டோடு நின்றார். தட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்து, என் இரு கைகளுக்கும் கீழே தன் கைகளைக் கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"பக்தி இல்ல மச்சாள், நோ," என்றார். மணியின் சத்தத்துக்கு மேலாகச் சொன்னார். "என்ட புள்ளைக்கு நாரி நோ. கன காலமா இரிக்கு. நேர்த்தியும் இல்ல, ஒண்டும் இல்ல. டொக்டர்மார் நடக்கச் சொன்னது, நடக்கிறா. இனி மாலை கட்ட வரமாட்டா."

மணி நின்றுவிட்டிருந்தது. கடைசி வசனத்தை எல்லாரும் தெளிவாகக் கேட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், நின்றவாக்கில் கேட்டார்:

"எந்தப் பக்கம் புள்ள? எனக்கு இடப் பக்கம்."

கல்லடிப் பேச்சு அதன் பிறகு அடிபடவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுவது நின்றது, அவ்வளவுதான். அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த அன்று யன்னல் திரையை மட்டும் கழற்றித் துவைக்கப் போட்டார். அது மறுபடி மாட்டப்படவில்லை. நான் கூடையில்லாமல் மறுபடி நடக்கப் போனேன்.

கோயிலில் அம்மா சொன்னதை நான் பல்கலைக்கழக அலுவலகத்தில் சொன்னேன். என் குரல் அம்மாவின் குரலளவு உயரவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சொன்னேன். மண்டபத்தின் கடைசியில், சுவரோரமாக, ஓர் உயரமான மேசையும் கதிரையும் போட்டுத் தந்தார்கள். இருந்தும் நின்றும் மாறி மாறி எழுதினேன். மேற்பார்வையாளர் நான் எழும்போதெல்லாம் மேலதிகத் தாளோடு ஓடிவந்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். மணி அடிக்கும்வரை இருந்தேன். மிகச் சிறந்த விடைகள் என்று சொல்லமாட்டேன். முடித்த விடைகள்.

அதைச் சொல்லத்தான் மறுநாள் வாவிக் கரைக்குப் போனேன். ராத்தா கண்ணா மரத்தடியில் நின்றார். கையில் இடியப்பப் பெட்டி இல்லை.

"முடிச்சிட்டியா? மணி அடிக்குமட்டும் இருந்தியா?" என்று கன்னத்தைக் கிள்ளினார். பிறகு, "எனக்கும் விசா வந்திட்டுகா," என்றார்.

"முழங்கால் ராத்தா?"

"நல்லாயிட்டுதானே. ஊட்டுப் படியெல்லாம் பிடிக்காம ஏறுறன். இந்த நட நடக்காட்டி ஏஜென்சிக்காரன் என்னத் திரும்பியும் பாத்திருக்க மாட்டான்."

"அங்கே படி அதிகமா?"

"மூணு தட்டு ஊடு." வாவியைப் பார்த்துச் சிரித்தார். "லிப்ட் இரிக்காம். அது எசமானிக்கு."

அன்று வழமையைவிடத் தொலைவாக நடந்தோம். இருவருமே நிற்கச் சொல்லவில்லை. பிரியும் இடத்தில் "போயித்து வாறன்" என்றார். மறுநாள் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை.

இப்போது நான் இறுதி வருடத்தில் இருக்கிறேன். நோவும் கூடவே இருக்கிறது. வாவிக் கரையில் கல் பதித்துப் பாதை போட்டு, விளக்குக் கம்பமும் நட்டிருக்கிறார்கள். கண்ணா மரங்கள் நின்ற இடத்தில் இருக்கைகள். விளையாட்டுச் சப்பாத்தோடு வருகிறவர்கள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ராத்தா எப்போதாவது வெள்ளிக்கிழமைகளில் பேசுவார். யன்னலுக்கு மேல் சுவர் எழும்பிவிட்டதாம். முழங்காலைக் கேட்டால் மகளின் வீட்டைப் பற்றிச் சொல்வார்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா என்னோடு நடக்க வருகிறார். அவருக்கு எங்கும் நோ இல்லை. வயல் வரம்பில் பழகிய கால், தானாகவே முன்னே போகும். கொஞ்ச தூரம் போனதும் நினைவு வந்து நிற்பார், நான் வந்து சேர்ந்ததும் அடியை அளந்து வைப்பார். அந்த அளவை நான் ஒவ்வோர் அடியிலும் உணர்கிறேன். அன்புதான், அறிவேன். ராத்தாவும் நானும் நடந்த அந்தக் காலைகளில் யாரும் யாருக்காகவும் மெதுவாக நடக்கவில்லை.