முதல் அரைமணித் தண்ணீர்

சாந்தோம் பக்கத்துத் தெருக்களுக்குக் குடிநீர் திறந்துவிடுகிறவர் காஸ்பர். இருபத்திரண்டு வருஷமாக வால்வைத் திருகும் அதே நீளமான இரும்புச் சாவி, அதே சைக்கிள். கை சுத்தமானவர், நேரம் தவறாதவர். ஒரே ஒரு குறை. யாராவது நாலு வார்த்தை உரக்கப் பேசிவிட்டால் மனிதருக்குத் தாங்காது. நல்ல பெயர் என்றால் உயிர்.

புயல் மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். குடிக்கத்தான் சொட்டு இல்லை. மூன்று நாள் மூடிக் கிடந்த குழாயை நாலாம் நாள் திறக்கச் சொன்னார்கள். வெள்ளத்துக்குப் பிறகு திறந்தால் முதல் அரைமணித் தண்ணீரைச் சாலையில் ஓடவிட வேண்டும், உள்ளே புகுந்த சாக்கடை போகிறவரைக்கும். காஸ்பருக்கு இது தலைகீழ்ப் பாடம்.

ஓடவிட்டார். குடத்தோடு நிற்கிற பெண்களுக்கு வயிறு எரியாதா? மீன் விற்கும் அங்காளம்மாள்தான் முன்னால் வந்து, புள்ளைங்க தாகத்துல கெடக்குது, நீ ரோட்டுக்கு ஊத்திக்கினு கீறியா என்று பிடித்துக்கொண்டாள். பத்தே நிமிஷத்தில் தண்ணீரைத் தெருக்குழாய்களுக்குத் திருப்பிவிட்டார். எல்லாரும் நல்லா இருப்பே என்று வாழ்த்தினார்கள். அந்தச் சத்தத்திலேயே ஓரமாகப் போய் மனைவி பியாட்ரிஸுக்குப் போன் போட்டு, அரைமணி கழித்துப் பிடி என்றார். எதிரே நின்றவர்களுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மறுபடி திட்டுவார்களே. வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்.

இரண்டே நாளில் தெருவில் பதினோரு பேருக்கு வாந்தி பேதி. அங்காளம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பியாட்ரிஸ் கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள்; புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. காஸ்பர் அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனார்.

அங்காளம்மாளோ கண்ணைத் திறந்ததும் அவரைத்தான் விசாரித்தாள்.

“உன் வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா காஸ்பரு? நீங்களும் அதே தண்ணிதானே குடிச்சீங்க.”

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கரிசனம் வசவைவிட மோசமாகச் சுட்டது.

“எங்க வூட்ல புடிக்கலக்கா. நான்தான் பியாட்ரிஸ்கிட்ட வேணாம்னு சொன்னேன்.”

திட்டப்போகிறாள் என்று தலைகுனிந்து நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, யாராவது திட்டமாட்டார்களா என்று இருந்தது. அங்காளம்மாள் திட்டவில்லை. தூக்கின் மூடியைத் திறந்து கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எந்தத் தண்ணில காச்சினது?” என்று கேட்டாள்.